வீட்டுக்காரர் வந்துருவாரு

கோயம்புத்தூரில் அங்கம்மாள் லேஅவுட்டில், சாவி கைமாறுகிற நேரத்தில் வாயிலிருந்து என்ன சொல் விழுகிறதோ அது அப்படியே நடந்துவிடும் என்பது அங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். குடிவரப்போகிறவர்களுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றால், சொல்லத்தான் செய்வார்கள். பால் காய்ச்சி முடித்து, சட்டிபானை எல்லாம் இறக்கிவைத்து, வந்தவர்கள் அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு, காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "சாவி வாங்கறப்ப ஏடாகூடமா ஒண்ணும் சொல்லலீங்களே?" என்று கேட்பார்கள். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

"நாங்க சுத்த சைவமுங்க" என்று கூசாமல் சொல்லி வீடு பிடித்த பத்மா டீச்சர், ஞாயிற்றுக்கிழமைதோறும் மார்க்கெட்டில் பேரம் பேசி மீன் வாங்கிக்கொண்டு வருவார். தெருமுனை திரும்பியதும் பைக்குள்ளேயே அது கத்தரிக்காயாகிவிடும். முதலில் அழுதார், அப்புறம் மீன்காரியோடு சண்டைக்குப் போனார், அப்புறம் தலையெழுத்து என்று அந்தக் கத்தரிக்காயைப் புளிக்குழம்பு வைத்துப் பார்க்க, அதில் லேசாக மீன் வாசம் வந்தது. இப்போது ஞாயிறானால் பாதித் தெரு கிண்ணத்தோடு அவர் வாசலில் நிற்கிறது. "எங்க ஊட்டுக்குள்ள கொழந்தை சத்தமே கேக்காதுங்க" என்று சொல்லிக் குடிவந்தவர்களின் கைக்குழந்தை, வீட்டுக்குள் வாயைப் பிளந்து கண்ணீர் விட்டு அழுதாலும் சின்ன முனகல்கூட வெளியே வராது. அதனால் அது அழும்போதெல்லாம் அம்மாக்காரி அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவாள், மாடி வீட்டுக்குள் சேர்த்தி இல்லை என்பதால். ஏன் இப்படி, எதனால் இப்படி என்று அங்கே யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதே அவர்களுக்கு அதைவிடப் பெரிய புதிராக இருந்தது.

இதொன்றும் தெரியாமல்தான் ஆவுடைத்தங்கம் அந்தத் தெருவுக்கு வீடு பார்க்க வந்தாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எட்டு வயசு மகள் சிந்துஜாவையும் ஒரு பெட்டியையும் இழுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. கூட வேலை பார்க்கிற பெண்ணின் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஏறி இறங்கினாள். நல்ல தெரு என்பதற்கு அவளிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது: பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கவேண்டும், ஒயின்ஷாப் நடக்க முடியாத தூரத்தில் இருக்கவேண்டும், தெருவிளக்கு எரியவேண்டும், மாடிக்கொடிகளில் பிள்ளைகளின் யூனிஃபார்ம் காயவேண்டும், பக்கத்து வீடு, கத்தினால் காதில் விழுகிற தூரத்தில் இருக்கவேண்டும். கடைசிக் கணக்கை மட்டும் அவள் எந்த புரோக்கரிடமும் சொல்லவில்லை.

வீடு விடுகிறவர்களுக்கோ ஒரே கணக்குதான். கேட்டில் தொங்கும் பலகையிலேயே 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். "நாங்க ஃபேமிலிதாங்க" என்பாள் தங்கம். அவர்கள் அவளுக்குப் பின்னால், அப்புறம் சிந்துஜாவுக்குப் பின்னால், அப்புறம் தெருமுனை வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வண்டியை நிறுத்திட்டு வர்றாருங்களா?" என்பார்கள். சார் வரவில்லை என்றால், அந்த நிமிஷமே அவர்களுடைய தம்பிக்கு அந்த வீடு தேவைப்பட்டுவிடும், அல்லது மேல்தளம் ஒழுக ஆரம்பித்துவிடும், அல்லது நேற்றே யாருக்கோ பேசி முடித்தது ஞாபகம் வந்துவிடும். ஒரு அம்மாள் நேர்மையானவர், முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஆம்பள இல்லாத வீடு, நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, நமக்கெதுக்கும்மா?"

அங்கம்மாள் லேஅவுட்டுக்குள் நுழைந்தபோதே தங்கத்துக்கு இந்தத் தெருதான் என்று மனசு அடித்துக்கொண்டது. பைப் போடுவதற்காக நட்டநடுவில் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஆட்டோ முனையோடு சரி. அதைத் தவிர மற்ற எல்லாம் அவள் கணக்குப்படியே இருந்தது. சாயங்காலமணி அடித்தால் பள்ளிக்கூடம் காதில் விழுந்தது. காலியாக இருந்த வீட்டை ஒட்டியே அடுத்த வீடு, நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்துதான். அந்த அடுத்த வீட்டு மயிலாத்தாள்தான் சாவியை வைத்திருந்தார். காலி வீடு அவருடைய அண்ணன் நஞ்சப்பனுடையது. அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆனாலும், வீட்டைப் பெருக்கித் துடைத்து வாடகைக்கு விடுகிற வேலையை மட்டும் அவர் விடவில்லை. தங்கத்தின் சார் பால் காய்ச்சும்போது வந்துவிடுவார் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு வீட்டைப் பேசி முடித்தார்.

தை பிறந்த கையோடு நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிந்தது. மயிலாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டி, தங்கம் கையை நீட்டி, சாவி இரண்டு கைகளிலும் இருந்த அந்தக் கணத்தில் மயிலாத்தாள் கேட்டார்:

"ஊட்டுக்காரர் வல்லீங்களா அம்மிணி?"

தங்கத்தின் ஊரில் பெண்கள் புருஷனை 'அவுக' என்பார்கள். 'அவுக' என்று வாயைத் திறந்தால் எந்த ஊர்க்காரி என்று தெரிந்துவிடும், தெரிந்தால் ஒருவர் வாய் மாறி ஒருவர் வாயாகச் சேதி சாத்தூர் வரைக்கும் போய்விடும் என்று பயந்தவள், கேட்ட வார்த்தையையே பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வீட்டுக்காரரு தை முடியறதுக்குள்ள வந்துருவாரு."

மயிலாத்தாள் சாவியை விட்டார். சாவி அவள் கைக்கு வந்தது.

அன்று சாயங்காலம் கொழுக்கட்டைத் தட்டோடு வந்த பத்மா டீச்சர் சொல்லித்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. தங்கம் சிரித்தாள். மீன் கத்தரிக்காயாவதை ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அந்தக் குழந்தை வீட்டுக்குள் சத்தமில்லாமல் அழுததை ஜன்னல் வழியே பார்த்தபோது, வீட்டுக்கு வந்து காலண்டரில் தை முடிய எத்தனை நாள் என்று எண்ணினாள்.

அடுத்த வாரம் தெருமுனை வீட்டுக் கோலத்தில் முதல் தடம் விழுந்தது.

தை மாதம், வாசலெல்லாம் பெரிய கோலங்கள். முனைவீட்டுக் கோலத்தின் ஓரத்தில், மாவு அழியாமல், ஒரு பாதத்தின் அளவுக்கு மட்டும் வெறும் தரை தெரிந்தது. ஆண்பிள்ளைப் பாதம். மறுநாள் அங்கேயும், அதற்கடுத்த வீட்டுக் கோலத்திலும். அதற்கு மறுநாள் அதற்கும் அடுத்த வீட்டிலும். எந்த வீட்டிலும் யாரும் பதறவில்லை. "தங்கத்தோட ஊட்டுக்காரர் வர்றாராட்ட இருக்குது" என்று பல் விளக்கிக்கொண்டே பேசிக்கொண்டார்கள். தடம் நாளைக்குத் தங்கள் வாசலுக்கு வரும் என்று கணித்த பெண்கள், புள்ளி வைக்கும்போதே ஒரு பாதத்துக்கு இடம் விட்டுக் கோலம் போட்டார்கள், வருகிற மனுஷன் வழுக்கி விழக்கூடாதே என்று. "மகராசி, சொன்ன சொல்லு பலிக்குது பாரு" என்று தங்கத்தின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள் ஒருத்தி. தங்கம் சிரித்துவைத்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தி, சாத்திய கதவின் மேல் முதுகை வைத்து நின்றாள்.

அந்தத் தடத்தை அவளுக்குத் தெரியும். வலது பாதம் வெளிப்பக்கமாக விரிந்து, கட்டைவிரல் மற்ற விரல்களிடம் கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும். ஜெயபாண்டியின் கால். லாரி ஷெட்டில் பெயின்ட் அடிக்கிறவன், ஊருக்கு நல்லவன், யார் வீட்டு விசேஷமென்றாலும் பந்தியில் முதல் ஆளாக நின்று பரிமாறுகிறவன். வீட்டுக் கதவைச் சாத்தினால் வேறு ஆள். தங்கத்தின் இடது மணிக்கட்டு அவன் கதவிடுக்கில் வைத்து நெரித்ததில் கோணலாகக் கூடியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு கிடந்தவள்தான். சிந்துஜாவின் சடையைக் கையில் சுற்றிக்கொண்டு அவன் பிள்ளையைக் கூடம் முழுக்க இழுத்த அன்றைக்குத்தான் அவள் பெட்டியை எடுத்தாள்.

சிந்துஜாவும் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு கோலத்தின் முன் நின்றாள், குனிந்தாள், தன் சின்னச் செருப்பை அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா கால்" என்றாள்.

"இல்லடி."

"அப்பா கால்தான்."

அன்றிலிருந்து அவள் கட்டிலுக்கு அடியில் படுத்தாள். தங்கம் எவ்வளவு சொல்லியும் மேலே வரவில்லை. ஒரு பாயை விரித்துத் தங்கமும் கட்டிலுக்குக் கீழே மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

பிறகு ஊரிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். அவள் ஒருத்திக்குத்தான் நம்பர் தெரியும். "யக்கா, நீ எங்க இருக்கன்னு சத்தியமா நான் யார்ட்டயும் சொல்லல" என்றுதான் ஆரம்பித்தாள். ஜெயபாண்டி வேலைக்குப் போவதில்லையாம். திடீரென்று கோயம்புத்தூர் கோயம்புத்தூர் என்கிறானாம், என்ன சோலி என்று கேட்டால் தெரியவில்லை என்கிறானாம். "காலு இழுக்குதுங்குறாகக்கா. உக்காந்திருக்கும்போதே காலு தானா நடக்கத் தேடுதாம். தை கடைசில கெளம்பிருவேன்னு சொல்லிட்டுத் திரியிறாக."

தங்கம் பெட்டியை இறக்கினாள். சிந்துஜா கட்டிலடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "மறுபடியுமா?" என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தையில் தங்கத்தின் கை ஓய்ந்துவிட்டது. இனி எந்தக் கேட்டில் போய் நிற்பது, எந்த அம்மாளிடம் சார் கதை சொல்வது? பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் சிந்துஜாவுக்கு ஒரு தோழி கிடைத்து, இருவரும் ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிடுகிறார்கள். ஓடுகிறவள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமா என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள்.

தடம் மயிலாத்தாள் வீட்டுக்கு முந்தின வாசல்வரை வந்துவிட்டது. தங்கம் ஹார்டுவேர் கடைக்குப் போய், இருந்ததிலேயே தடித்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிக்கொண்டு மயிலாத்தாள் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, வாசக்கதவுல உள்பக்கம் இத ஒண்ணு அடிச்சுக்கறேன்."

மயிலாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். "இருக்கற தாப்பாள் பத்தாதா அம்மிணி? ஊட்டுக்காரர் வேற வரப்போறாரு, அப்பறம் என்ன பயம்?"

தங்கம் தாழ்ப்பாளைக் கீழே வைத்தாள். இடது கையை நீட்டிக் கோணல் மணிக்கட்டைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள், கதவு, சடை, பெட்டி, பஸ், சாவி வாங்கும்போது சொன்ன பொய். சொல்லச் சொல்ல மயிலாத்தாளின் கையில் கீரைத்தண்டு அப்படியே நின்றது.

"அவுக வரக்கூடாதுக்கா. வந்தா நாங்க இல்ல."

"சாமி, இதுக்கா நாங்க கோலத்துல எடம் உட்டுட்டு இருந்தோம்" என்றார் மயிலாத்தாள். தங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். பிறகு, "சொன்னது சொன்னதுதான் கண்ணு. அதை அழிக்கறதுக்கு இந்தத் தெருவுல யாருக்கும் வழி தெரியாது. பத்மா டீச்சர் கும்புடாத சாமியா? சாவியத் திருப்பிக் குடுத்து வாங்கி மாத்திச் சொல்லிக்கூடப் பாத்தாங்க, மொதச் சொல்லு நிக்கறப்ப அடுத்தது ஏறலை. மீன் மீனா வல்லியே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திருப்பிக் கொடுத்தார். வருத்தத்திலும் பழக்கதோஷம் போகவில்லை. "ஆனா இதை அடிக்கோணும்னா ஊட்டுக்காரரைக் கேக்கோணும். அவரைக் கேக்காம கதவுல கைவெக்க முடியாதுங்க அம்மிணி."

தங்கம் எழுந்தாள். வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள்.

"யாரைக் கேக்கணும்?"

"ஊட்டுக்காரரைத்தான். என்ற அண்ணனை."

"அக்கா," தங்கம் திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள், "வீட்டுக்காரருன்னா யாரு?"

மயிலாத்தாள் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் மடியிலிருந்த கீரை முழுக்கத் தரையில் சிந்த எழுந்து நின்றார்.

"அடி ஆத்தீ" என்றார்.

நஞ்சப்பன் பீளமேட்டில் மகள் வீட்டு மாடியில் இருந்தார். அண்ணன் தங்கச்சி சண்டை ஒரு முருங்கை மரத்தால் வந்தது. சந்தில் நின்ற அந்த மரத்தின் கம்பளிப்பூச்சி அவர் சட்டைக்குள் விழுந்தது என்று, தங்கச்சி ஊரில் இல்லாத நேரத்தில் வெட்டிவிட்டார். தங்கச்சி வந்து மரத்துக்குத் துக்கம் காத்தார். பேச்சு வளர்ந்து, வீட்டுச் சாவியை எடுத்துத் தங்கச்சி கையில் அறைந்து, "நீயே கட்டிட்டு அழு, இனி இந்தத் தெருவுல நான் கால் வெச்சா கேளு, வெக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது சாவி இரண்டு பேர் கையிலும் இருந்தது. அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி, தங்கச்சிக்குத் தெரியாமல், தெருமுனைவரை ஆட்டோவில் வந்து இறங்கப் பார்ப்பார். இறக்கிய கால் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். அழுத்திப் பார்ப்பார், கையால் பிடித்துத் தள்ளிப் பார்ப்பார், அப்புறம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்.

மறுநாள், தையின் கடைசி நாள் காலையில், மயிலாத்தாளும் தங்கமும் அவர் முன்னால் போய் நின்றார்கள். அன்றைக்குத் தடம் மயிலாத்தாள் வாசலுக்கு வந்திருந்தது. அடுத்தது தங்கத்தின் வாசல்தான். போகிற வழியிலேயே ஊரிலிருந்து தங்கத்தின் தங்கச்சி போன் வேறு வந்துவிட்டது, ஜெயபாண்டி விடியற்கால பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று.

நஞ்சப்பன் கதையெல்லாம் கேட்டார். "பாவந்தான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆனா கூப்புடறவங்க கூப்புடலியே" என்றார்.

மயிலாத்தாள் மூக்கை உறிஞ்சினார். வெட்டின மரம் இன்னும் தொண்டைக்குள் நின்றது. தங்கம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் உயிரும் மகள் உயிரும் அந்தத் தொண்டையில் சிக்கிக்கொண்டதுபோல.

"அண்ணா," என்றார் மயிலாத்தாள், "ஊட்டுக்கு வாங்கண்ணா."

கிழவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வரலாம் புள்ள. கால் வெக்க முடியாதே."

"கால் வைக்க வேண்டாங்கய்யா" என்றாள் தங்கம். "நாங்க தூக்கிட்டுப் போறோம்."

தூக்குகிற ஆண்கள் வேலை விட்டு வரக் காத்திருந்ததில், தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. விளக்கு வைத்துவிட்டால் தை முடிந்தது என்பது அந்தத் தெருக் கணக்கு. மயிலாத்தாள் வீட்டுப் பிரம்பு நாற்காலியோடு நாலைந்து ஆண்கள் தயாராக நின்றார்கள்; பத்மா டீச்சரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலைப் பிடித்தார். ஆட்டோவிலிருந்து கிழவரை அப்படியே நாற்காலிக்கு மாற்றி, தூக்கி, தோண்டின பள்ளத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒருவர், "நல்ல கனமுங்க, சித்த எறக்கி வெச்சுட்டுப் போலாமா?" என்றார்.

"எறக்காதீங்க!" என்று கத்தினார் பத்மா டீச்சர். தமிழ் டீச்சர். "நாற்காலிக்கும் கால் இருக்குது!"

ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பிடி இறுகியது. நஞ்சப்பன் இரண்டு கால்களையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த தங்கம் எதற்கோ திரும்பிப் பார்த்தாள்.

தெருமுனை டீக்கடை முன்னால் ஜெயபாண்டி நின்றான். வெள்ளைச் சட்டை, தலை வாரி, கையில் ஒரு பையோடு. அவளைப் பார்த்தான். அவன் அவசரப்படவில்லை. முதல் வீட்டுக் கோலத்தின் முன் வந்து, அதில் அவனுக்காகக் காத்திருந்த தடத்தில் பாதத்தை வைத்தான். பாதம் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

"சீக்கிரம்" என்றாள் தங்கம். யார் காதிலும் விழவில்லை. மறுபடி, "சீக்கிரம் போங்க!" என்றாள்.

நாற்காலி ஓடியது. பள்ளத்து மண் சரிந்து ஒருவருக்குக் கால் வழுக்க, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, கிழவரின் செருப்பு ஒன்று கழன்று பள்ளத்தில் விழுந்தது. அவர் காலை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். பின்னால் அவன் வீடு வீடாக, கோலம் கோலமாக, வைத்த இடத்தில் வைத்து நடந்து வந்தான். மயிலாத்தாளின் வாசல். அப்புறம் ஒரே வாசல்தான் மிச்சம். நாற்காலி தங்கத்தின் கேட்டுக்கு வந்து சேர்ந்தது, கேட்டுக்குள் நுழையவில்லை. நாற்காலி அகலம், கேட் ஒடுக்கம். இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள்.

"செவுத்துக்கு மேல தூக்குங்கடா!" என்றார் நஞ்சப்பன். "நான் கட்டுன செவுருதான், இடிஞ்சா இடியட்டும்!"

காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, தலைவாசலில் முட்டி, நாற்காலியோடு கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். நஞ்சப்பன் கீழே பார்த்தார். தன் வீட்டுத் தரை, சிவப்புத் தரை.

"தெருவுலதான கால் வெக்க மாட்டேன்னு சொன்னேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நெஞ்சிலிருந்து கால்களை விடுவித்து, மெதுவாக இறக்கினார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

வெளியே, கேட்டுக்கு ஒரு கை தூரத்தில் வந்துவிட்ட ஜெயபாண்டி நின்றுவிட்டான். இத்தனை நாள் இழுத்த கால் திடீரென்று இழுப்பதை விட்டிருந்தது. தன் காலைத் தானே குனிந்து பார்த்தான். வீட்டுக்காரர் வந்தாயிற்று; தெருவுக்கு இனி அவன் தேவையில்லை. ஆனால் தெரு இழுக்காவிட்டால் என்ன, அவனுக்கும் சொந்தமாகக் கால்கள் இருந்தன. கேட்டைத் திறந்தான்.

"தங்கம்" என்றான். குரலில் கோபமே இல்லை. அவளுக்குத் தெரியும், கோபம் கதவைச் சாத்தின பிறகுதான் வரும்.

"யாருங்க அது?" என்றார் நஞ்சப்பன்.

"நான் இவ வீட்டுக்காரன்."

"ஊட்டுக்காரன் நானுங்க தம்பி" என்றார் நஞ்சப்பன், நிஜமாகவே குழம்பிப்போய்.

அவன் அதைக் காதில் வாங்காமல் செருப்பைக் கழற்றினான், ஒழுங்காக, ஜோடி சேர்த்து, வாசலில் வைத்தான். எப்போதும் அப்படித்தான் வைப்பான். தங்கத்தின் உடம்பு தானாகவே சுவரோரம் ஒதுங்கியது. ஒதுங்கியபோது இடுப்பில் சாவி இடித்தது.

அவள் சாவியை உருவி நஞ்சப்பனிடம் நீட்டினாள். "அய்யா, இத வாங்கிட்டு எனக்குத் திருப்பிக் குடுங்க. குடுக்கும்போது, வீடு கேட்டு வர்றவங்கள எல்லாரும் கேப்பாங்கள்ல, அதக் கேளுங்க. சீக்கிரம்."

அவருக்குப் புரிந்தது. சாவியை வாங்கி, நீட்டி, அவள் கை அதைப் பற்றியதும் விடாமல் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரர்களுக்கே உரிய குரலில் கேட்டார்:

"எத்தனை பேரு இருக்கப்போறீங்க அம்மிணி? சார் எப்ப வருவாரு?"

தங்கம் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. எத்தனையோ கேட்டுகளின் முன்னால் சிரித்துச் சிரித்துப் பொய் சொன்ன வாய், உண்மைக்கு மட்டும் திறக்கவில்லை. அவன் வாசற்படிக்கு வந்துவிட்டான். அப்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடந்த சிந்துஜா தவழ்ந்து வெளியே வந்து, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"சத்தமாச் சொல்லும்மா."

"ரெண்டு பேரு" என்றாள் தங்கம். "நானும் எம் பொண்ணும். ரெண்டே பேருதான் எங்க ஃபேமிலி. ஜெயபாண்டி இந்த வீட்டுக்கு வரமாட்டான்."

மீன் கத்தரிக்காயாவதற்கு அசராத தெரு, கோலத்தில் கால்தடம் தானாக விழுந்ததற்கு அசராத தெரு, ஒரு பெண்பிள்ளை கட்டின புருஷனைப் பெயர் சொல்லி 'மாட்டான்' என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பத்மா டீச்சர் வாயில் கை வைத்தார். மயிலாத்தாள் வைக்கவில்லை.

நஞ்சப்பன் சாவியை விட்டார்.

ஜெயபாண்டி படியில் வைக்கப்போன கால், படிக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவன் அழுத்தினான். கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினான், முழங்காலைக் கையால் பிடித்துத் தள்ளினான். அடுத்த காலை வைத்துப் பார்த்தான். இத்தனை நாள் நாலு சுவருக்குள் மட்டும் இருந்த முகம் அப்போது தெருவுக்கு முன்னால் வெளியே வந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"அது எறங்காதுங்க தம்பி" என்றார் நஞ்சப்பன், ஒன்றும் தெரியாதவனுக்கு வழி சொல்கிற பொறுமையோடு. "நானும் தீபாவளிக்குத் தீபாவளி முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

ஆண்கள் கேட்டிலிருந்து படிவரைக்கும் வந்து நின்றார்கள். யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே போனான். தெருமுனை திரும்பும்வரை தங்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உள்ளே வந்தாள். சிவப்புத் தரையிலேயே உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். அந்த வீட்டில் அழுகைச் சத்தத்துக்குத் தடை ஏதும் இல்லை.

மயிலாத்தாள் விளக்கேற்றினார். நாற்காலி தூக்கினவர்களுக்குக் காபி போனது. தன்னை இனி யார் திருப்பித் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று நஞ்சப்பன் கேட்க, "ராத்திரிச் சோறு தின்னுட்டு மெதுவாப் போலாம், முருங்கைக்கீரை இருக்குது, அடுத்த தெருவுல வாங்கினது" என்றார் மயிலாத்தாள், அந்தக் கடைசி வார்த்தையைச் சற்று அழுத்தி.

மறுநாள் மாசி ஒன்று. தங்கம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தபோது, தெருவெல்லாம் பார்த்துப் பார்த்துத் தன்னையறியாமல் ஒரு பாதத்துக்கு இடம் விட்டுப் போட்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். கட்டிலின் மேல் படுத்துத் தூங்கி எழுந்த சிந்துஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள், அம்மாவைப் பார்த்தாள், கோலத்தைப் பார்த்தாள், கிண்ணத்திலிருந்து ஒரு பிடி மாவை அள்ளி அந்த இடத்தில் போட்டுக் கையால் நன்றாகப் பரப்பிவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பல் விளக்கப் போனாள்.